ஒற்றாடலா, குறிப்பறிதலா? புலம்பெயர் தமிழ் இணையத்தளங்களும் வருகையாளர் கணக்கும்

புலம்பெயர்ந்த தமிழர்கள் இணையத்தில் காலடி வைத்த தொடக்க ஆண்டுகளில் உருவான தளங்களைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். முகப்புப் பக்கத்தின் அடியில், வாகனங்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியைப் போன்று இலக்கங்கள் உருளும் ஒரு சிறு பெட்டி இருக்கும். 'நீங்கள் இத்தனையாவது வருகையாளர்' என்று அது அறிவிக்கும். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பாடசாலைகள், ஆலயங்கள் என்று பலவற்றின் தளங்களிலும் இப்பெட்டி இடம்பிடித்திருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது அந்த எண்ணும் வாசிக்கப்படுவதுண்டு. அதற்குக் கைதட்டலும் கிடைப்பதுண்டு.

ஆனால் அந்த எண் உண்மையில் சொன்னது மிகக் குறைவு. ஒருவரே பத்துத் தடவை பக்கத்தைப் புதுப்பித்தால் பத்து வருகை. தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்கள் வந்துபோனால் அவையும் வருகையே. 'ஹிட்' என்ற கணக்கோ இன்னும் மயக்கம் தருவது. ஒரு பக்கத்தில் 20 படங்கள் இருந்தால், அதை ஒருவர் ஒரு முறை திறந்தவுடனேயே 21 'ஹிட்' பதிவாகிவிடும். வந்தவர் தேடியதைக் கண்டாரா, வாசித்தாரா, வெறுங்கையுடன் திரும்பினாரா என்ற வினாக்களுக்கு அந்த எண்ணிடம் விடையில்லை.

இன்று அந்தப் பெட்டி மறைந்துவிட்டது. ஆனால் எண்ணுவது நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குச் சென்று, முன்னையிலும் பன்மடங்கு வலிமை பெற்றுள்ளது. திருக்குறளின் பொருட்பாலில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு, அது 59ஆவது. 'குறிப்பறிதல்' என்றும் ஓர் அதிகாரம் உண்டு, அது 71ஆவது. முன்னையது பிறர் அறியாமல் அவரைப் பற்றிய செய்தி திரட்டுவது. பின்னையது எதிரில் நிற்பவரின் முகம் பார்த்து அவருக்கு வேண்டியதை உணர்வது. வருகையாளரைக் கவனிக்கும் தொழில்நுட்பம் இவ்விரண்டில் எதுவாகவும் ஆகலாம். தமிழ் அமைப்புகளின் தளங்கள் இவற்றில் எதைச் செய்கின்றன என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

பதிவேட்டில் இருப்பது என்ன?

ஓர் உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அப்பக்கத்தை வைத்திருக்கும் வழங்கிக் கணினி தனது பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வது வழமை. கேட்டவரின் ஐ.பி. முகவரி, நாளும் நேரமும், கேட்ட பக்கம், அது கிடைத்ததா இல்லையா என்ற குறியீடு, அனுப்பப்பட்ட தரவின் அளவு, எந்தத் தளத்திலிருந்து வந்தார், எந்த உலாவியைப் பயன்படுத்துகிறார் என்பன அவ்வரியில் அடங்கும். இது கடைக்காரர் தன் கடைக்குள் எழுதும் குறிப்பேடு போன்றது. இதனை ஆராய்ந்து அட்டவணையாகத் தரும் 'வெபலைசர்', 'ஏடபிள்யூஸ்டாட்ஸ்' போன்ற இலவச மென்பொருட்கள் பல ஆண்டுகளாகவே உள்ளன.

அடுத்த படி 'குக்கி'. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொண்டுலி இதனை உருவாக்கினார். கடைத்தளமொன்றில் வாங்குபவர் கூடையில் இட்ட பொருட்களை மறக்காதிருப்பது போன்ற எளிய தேவைகளுக்காகவே அது பிறந்தது. தளம் ஒரு சிறு அடையாளத் துணுக்கை வருகையாளரின் கணினியில் வைக்கும். அவர் மீண்டும் வரும்போது அதைக் கண்டு 'இவர் முன்பு வந்தவர்' என்று அறிந்துகொள்ளும்.

மூன்றாவது படியில்தான் நிலைமை மாறியது. தளம் நடத்துபவர் பிறிதொரு நிறுவனத்தின் நிரலைத் தன் பக்கத்தில் ஒட்டிவைத்தால், வருகையாளரின் உலாவி அந்நிறுவனத்துடனும் நேரடியாகத் தொடர்பு கொள்ளும். ஒரே நிறுவனத்தின் நிரல் ஆயிரக்கணக்கான தளங்களில் ஒட்டப்பட்டிருந்தால், ஒரு மனிதர் காலையில் வாசித்த செய்தி, நண்பகலில் தேடிய மருந்து, இரவில் பார்த்த அரசியல் கட்டுரை ஆகியவற்றை ஒரே நூலில் கோக்க வழி பிறக்கிறது. ஏர்ச்சின் என்ற நிறுவனத்தை 2005ஆம் ஆண்டு வாங்கிய கூகுள், அதே ஆண்டு நவம்பரில் 'கூகுள் அனலிட்டிக்ஸ்' சேவையை இலவசமாக அறிமுகப்படுத்தியது. பணமில்லாத சிறு அமைப்புகளுக்கு அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. கணக்குப் பார்க்கும் கருவி இலவசம். ஆனால் கணக்கேடு இருப்பது வேறொருவர் வீட்டில்.

எண்கள் எதற்கு உதவும்?

எண்ணுவதே பிழை என்று சொல்வதற்கில்லை. சரியாகப் பார்த்தால், கணக்கு என்பது வருகையாளர் வாய்திறந்து சொல்லாத முறைப்பாடு. அதைக் கேட்கத் தெரிந்தவருக்கு அது பெரும் பயன் தரும்.

முதலில் பார்க்க வேண்டியது 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற குறியீடு பெற்ற வரிகளை. தளத்தைப் புதிதாக வடிவமைக்கும் தொண்டர்கள் பழைய பக்க முகவரிகளை மாற்றிவிடுகின்றனர். பத்தாண்டுகளாக மற்றத் தளங்களில் இருந்த இணைப்புகள் அனைத்தும் அன்றே அறுந்துபோகின்றன. கேட்கப்பட்டும் கிடைக்காத பக்கங்களைப் பட்டியலிட்டு, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகாட்டி அமைப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. எந்த அலங்காரத்தைக் காட்டிலும் அது பெரிய திருத்தம்.

இரண்டாவது, தேடற்சொற்கள். ஒருவர் என்ன சொல்லைத் தேடி வந்தார் என்பதை முன்னைய காலத்தில் பதிவேடே சொன்னது. கூகுள் 2011 முதல் தேடலை மறைகுறியாக்கத் தொடங்கியதால் அவ்வழி படிப்படியாக அடைபட்டது. இன்று தளத்தின் உரிமையாளருக்கென அத்தேடுபொறி தரும் 'சேர்ச் கொன்சோல்' வாயிலாக, ஆட்களை அடையாளம் காட்டாமல், சொற்களின் தொகுப்பை மட்டும் பார்க்க முடிகிறது. தளத்தினுள்ளே இருக்கும் தேடற்பெட்டியும் இதே உதவியைச் செய்யும். புலம்பெயர் நாடுகளில் பிறந்த தலைமுறையில் பலர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டச்சுச் செய்து தேடுகின்றனர்; அல்லது யேர்மன், பிரெஞ்சு, நோர்வேஜிய மொழியில் தேடுகின்றனர். பக்கத்தின் தலைப்பும் சுருக்கமும் தமிழில் மட்டுமே இருந்தால் அப்பிள்ளைகள் வாசல் வரை வந்தும் கதவைக் காணாமல் திரும்புவர்.

இவ்விடத்தில் எழுத்துருச் சிக்கலையும் சொல்லியாக வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து திரையில் தமிழாகத் தோன்றினாலும் கணினியில் ஆங்கில எழுத்தாகவே சேமிக்கப்பட்டது. திரையில் 'அ' என்று தெரிவது உள்ளே 'எம்' என்ற ஆங்கில எழுத்து. எனவே தேடுபொறிக்கு அப்பக்கம் பொருளற்ற எழுத்துக் குவியல். தமிழுக்கு யுனிகோட்டில் 1991 முதலே இடம் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இல் அதைத் தரமாக ஏற்றது. இருந்தும் 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் எழுதப்பட்ட நினைவுமலர்கள், ஊர் வரலாறுகள், கட்டுரைகள் பல, பழைய குறியீட்டில் அல்லது படமாக முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை யுனிகோட்டிற்கு மாற்றுவது எவ்வளவு விளம்பரம் செய்தாலும் கிடைக்காத வாசகரைக் கொண்டுவரும்.

மூன்றாவது, எந்தக் கருவியில் வாசிக்கின்றனர் என்பது. கைப்பேசியில் வருவோர் பெரும்பான்மையாக இருக்கையில், பெருந்திரைக்கென மூன்று நிரல்களாக வகுத்த பக்கம் அவர்களுக்கு ஒரு தண்டனை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒடுங்கிய திரையில் அவை வரியை உடைக்கும். பட்டியில் உள்ள தலைப்புகளைச் சுருக்குவதும், வரிகளிடையே இடைவெளி விடுவதும் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டியவை. மேலும், யுனிகோட்டின் வழக்கமான சேமிப்பு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்ளும். ஆனாலும் நீண்ட கட்டுரையொன்றின் முழு எழுத்தும், சுருக்காமல் ஏற்றப்பட்ட ஒரேயொரு விழாப் படத்தின் சிறு பங்குக்கும் ஈடாகாது. பக்கம் திறக்கத் தாமதமாகிறதெனில் பழி தமிழின் மீதல்ல, படங்களின் மீது.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒரு நகரத்தின் தமிழ்ப் பாடசாலைத் தளத்தில், புதிய மாணவர் சேர்க்கை பற்றிய பக்கத்திற்கு நூறு பேர் வருகின்றனர். விண்ணப்பப் படிவத்தைத் திறப்போர் பத்துப் பேரே. மீதித் தொண்ணூறு பெற்றோருக்கும் தமிழ்ப்பற்று இல்லை என்று நிர்வாகம் கவலைப்படலாம். ஆனால் படிவத்திற்கான இணைப்பு, ஆண்டுவிழாப் படங்களுக்கும் அதிபரின் வாழ்த்துச் செய்திக்கும் கீழே கிடக்கக்கூடும். அச்சிட்டு நிரப்பி அஞ்சலில் அனுப்ப வேண்டிய தாளாகவும் இருக்கக்கூடும். இணைப்பை மேலே கொண்டுவந்து, ஒரு மாதத்தின் பின் மீண்டும் எண்ணிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு பிள்ளை தமிழ் கற்பதும் கல்லாது போவதும் சில வேளைகளில் ஓர் இணைப்பு இருக்கும் இடத்தில் தங்கியிருக்கிறது.

ஐந்து பேர் போதும்

இத்தனைக்கும் பெரிய கண்காணிப்புக் கருவி தேவையா? தேவையில்லை என்பதே அத்துறை வல்லுநர் பலரின் அனுபவம். பக்கப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே குறைகளில் பெரும்பாலானவை வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதினார். 'எத்தனை பேர் திரும்பினர்' என்று எண் சொல்லும். 'ஏன் திரும்பினர்' என்று மனிதர்தான் சொல்ல முடியும்.

ஒரு தமிழ் அமைப்பிற்கு அந்த ஐவரைத் தேட அலைய வேண்டியதில்லை. ஓர் அம்மம்மா, வேலை முடிந்து களைத்து வரும் தந்தை, பதினைந்து வயதுப் பிள்ளை, அண்மையில் அந்நாட்டிற்கு வந்தவர், பார்வை குன்றிய ஒருவர். இவர்களிடம் 'அடுத்த வகுப்பு எப்போது என்று கண்டுபிடியுங்கள்' என்று ஒரு வேலை கொடுத்துவிட்டு, தளத்தை வடிவமைத்தவர் பின்னால் வாய்மூடி அமர்ந்திருக்க வேண்டும். வாய்மூடி இருப்பதுதான் கடினம். அம்மம்மாவின் விரல் எங்கே தயங்குகிறது என்பதைப் பார்ப்பது, ஆயிரம் வரிப் பதிவேட்டைவிடத் தெளிவான பாடம். இதற்குக் குக்கி வேண்டாம், தேநீர் போதும். வள்ளுவர் குறிப்பறிதல் என்றதும் ஏறத்தாழ இதுவே.

சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, ஓடிக்கொண்டே இருக்கும் வரி, தானாக ஒலிக்கும் இசை, படமாக இடப்பட்ட தலைப்பு ஆகியன தமிழ்த் தளங்களின் பழைய நோய்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஆகக் குறைந்தது 4.5க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது 2008இல் வெளியான பன்னாட்டு அணுகல் வழிகாட்டியின் விதி. படமாக இடப்பட்ட தமிழைப் பார்வையற்றோரின் வாசிப்பு மென்பொருள் வாசிக்காது. இவற்றைத் திருத்த எவரையும் பின்தொடர வேண்டியதில்லை.

விலையைக் கொடுப்பவர் யார்?

புலம்பெயர் தமிழ்த் தளமொன்றுக்கு வருவது, சப்பாத்துக் கடைத் தளத்துக்கு வருவது போன்றதன்று. வருகையே வருகையாளரின் இனத்தைக் குறிப்பால் உணர்த்துகிறது. ஆலயப் பக்கம் சமயத்தையும், உரிமைக் குரல் பக்கம் அரசியற் கருத்தையும், உளநல உதவிப் பக்கம் துயரத்தையும் உணர்த்துகின்றன. தாயகத்தில் உறவினர் உள்ளோருக்கும், புகலிடக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்போருக்கும், 'யார் எதை வாசித்தார்' என்பது வெறும் புள்ளிவிபரமன்று.

ஐரோப்பியச் சட்டம் இதை உணர்ந்துள்ளது. 2018 மே 25 முதல் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 9ஆவது பிரிவு, இனம், அரசியற் கருத்து, சமய நம்பிக்கை முதலியவற்றை வெளிப்படுத்தும் தரவுகளுக்குத் தனிக் காவல் இடுகிறது. இலாப நோக்கற்ற அரசியல், சமய அமைப்புகள் தம் உறுப்பினர் பற்றிய இத்தகைய தரவுகளை வைத்திருக்க அதே பிரிவு இடமளித்தாலும், உரியவரின் ஒப்புதலின்றி அமைப்புக்கு வெளியே கொடுக்கலாகாது என்றும் நிபந்தனை விதிக்கிறது.

நீதிமன்றங்களும் அடுத்தடுத்துப் பேசியுள்ளன. மாறும் ஐ.பி. முகவரியும் தனிநபர் தரவாகக் கூடும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. 2019 யூலையில், முகநூலின் 'விருப்பம்' பொத்தானைத் தன் பக்கத்தில் வைத்த யேர்மன் ஆடைக்கடை, அதன் வழியே தரவு திரட்டி அனுப்பப்படுவதற்குக் கூட்டுப் பொறுப்பாளி என்றது. வருகையாளர் அப்பொத்தானை அழுத்தாவிட்டாலும், முகநூற் கணக்கே இல்லாதிருந்தாலும் தரவு சென்றது என்பதே அவ்வழக்கின் கரு. அதே ஆண்டு ஒக்டோபரில், முன்கூட்டியே சரியடையாளம் இடப்பட்ட பெட்டி ஒப்புதல் ஆகாது என்றது. 2022 சனவரியில் மியூனிக் நகர நீதிமன்றம், கூகுளின் வழங்கியிலிருந்து எழுத்துரு எடுத்த தளமொன்று வருகையாளரின் ஐ.பி. முகவரியை ஒப்புதலின்றிக் கொடுத்துவிட்டது என்று கூறி 100 யூரோ இழப்பீடு வழங்கச் செய்தது. அதே எழுத்துருவைத் தன் சொந்த வழங்கியில் வைத்திருந்தால் வழக்கே இல்லை. அழகிய தமிழ் எழுத்துருவுக்காக இரண்டு வரி நிரலை ஒட்டிய தொண்டர் பலரும் இத்தீர்ப்பை அறிந்திருத்தல் நன்று.

குக்கியை ஏற்பதற்கு ஒரு சொடுக்கு, மறுப்பதற்குப் பல சொடுக்கு என்று வைத்திருந்தமைக்காகப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 150 மில்லியன், பேஸ்புக்கிற்கு 60 மில்லியன் யூரோ தண்டம் விதித்ததை 2022 சனவரியில் அறிவித்தது. தமிழ்த் தளங்கள் சிலவற்றின் ஒப்புதல் பெட்டியிலும் 'ஏற்கிறேன்' என்ற ஒரே பொத்தானே இருக்கிறது. மறுக்க இடமில்லாத இடத்தில் ஒப்புதலுக்குப் பொருளில்லை. கனடாவின் கூட்டாட்சித் தனியுரிமைச் சட்டம் பெரும்பாலும் வணிக நடவடிக்கைகளையே சாரும் என்பதால், அங்குள்ள தமிழ் அமைப்புகளைச் சட்டம் இவ்வளவு நெருக்குவதில்லை. ஆனால் விருந்தினரை மதிப்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருப்பது தமிழ் மரபன்று.

எழக்கூடிய மறுப்புகள்

'சிறிய அமைப்பு, தொண்டர் உழைப்பு, பணமில்லை. இலவசக் கருவியை விட்டால் வழியென்ன?' என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்வி. வழங்கியின் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது, அதற்குச் செலவில்லை. அதற்கு மேலும் வேண்டுமெனில், 2007இல் 'பிவிக்' என்ற பெயரில் தொடங்கி 2018 முதல் 'மட்டோமோ' எனப்படும் திறந்த மூல மென்பொருளைச் சொந்த வழங்கியில் நிறுவலாம். ஐ.பி. முகவரியின் கடைசிப் பகுதியை அழித்துச் சேமிக்கவும், குக்கியின்றி எண்ணவும் அதில் வசதி உண்டு. கணக்கேடு சொந்த வீட்டிலேயே இருக்கும்.

'மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்?' என்றும் கேட்கப்படலாம். மறைப்பது வேறு, தன்னுடையதைத் தன்னிடம் வைத்திருப்பது வேறு. வீட்டுக் கதவைச் சாத்துவோர் அனைவரும் குற்றவாளிகளல்லர். மேலும், இன்று தீங்கற்றதாகத் தோன்றும் பட்டியல் நாளை யார் கைக்குப் போகும் என்று எந்தச் செயலாளரும் உறுதி கூற முடியாது. சேர்க்காத தரவை எவரும் திருட முடியாது. எவரும் கேட்டு வாங்கவும் முடியாது.

செய்ய வேண்டியவை

அமைப்புகள் முதலில் தம் தளங்களில் ஒட்டப்பட்டுள்ள வெளி நிரல்களைப் பட்டியலிட வேண்டும். யார் ஒட்டினார், எதற்காக ஒட்டினார் என்று எவருக்கும் நினைவில்லாதவற்றை அகற்ற வேண்டும். 'விருப்பம்' பொத்தானுக்குப் பதில் சாதாரண இணைப்பு, வெளியிலிருந்து இழுக்கும் எழுத்துருவுக்குப் பதில் சொந்த வழங்கியில் எழுத்துரு என மாற்ற வேண்டும். என்ன எண்ணப்படுகிறது, எத்தனை நாளில் அழிக்கப்படுகிறது என்பதை நான்கு வரியில், வாசகருக்குப் புரியும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஆண்டறிக்கையில் 'இத்தனை இலட்சம் வருகை' என்பதற்குப் பதிலாக, 'இவ்வாண்டு இந்தக் குறைகளைக் கண்டு திருத்தினோம்' என்று எழுதும் அமைப்பே வளரும்.

பெற்றோர் ஒப்புதல் பெட்டியைக் கண்டதும் பழக்கத்தால் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவதை நிறுத்தலாம். பிள்ளையின் ஒப்புதல் செல்லும் வயது யேர்மனியில் 16, பிரான்சில் 15, பிரித்தானியாவில் 13. அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைத் தளத்தில் பெயர் பதியும்போது அத்தரவு எங்கே போகிறது என்று நிர்வாகத்திடம் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கேட்பது குறைசொல்வதாகாது.

இளையோரின் பங்கு இன்னும் பெரியது. உலாவியிலுள்ள உருவாக்குநர் கருவியைத் திறந்தால், ஒரு பக்கம் எந்தெந்த வெளி வழங்கிகளுடன் பேசுகிறது என்பதை ஐந்து நிமிடத்தில் காணலாம். பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் ஒரு மாணவி, தன் தாயார் கற்பிக்கும் பாடசாலையின் தளத்தை ஒரு சனிக்கிழமை ஆராய்ந்து ஒரு பக்க அறிக்கை கொடுத்தால், அது மேடைப் பேச்சைவிடப் பெரிய தமிழ்த் தொண்டு. அன்று மாலை அம்மம்மாவின் அருகில் அமர்ந்து அவர் அப்பக்கத்தை எப்படி வாசிக்கிறார் என்று பார்த்தால், அத்தொண்டு முழுமை பெறும்.

வீட்டுக்கு வந்தவரின் முகம் பார்த்து, பசியா தாகமா என்று அறிந்து பரிமாறுவது விருந்தோம்பல். அவர் கைப்பையைத் திறந்து பார்ப்பது விருந்தோம்பல் ஆகாது. தமிழ்த் தளங்களின் வாசலுக்கு வருவோருக்கும் இந்த நெறியே பொருந்தும்.